மார்க்கி ஏன் திரும்பிப் போனான்?

சோதிலிங்கம் அண்ணை கேள்வி கேக்கத் தொடங்கினால் நிப்பாட்டமாட்டார். பல்லுப் புடுங்கப் போன இடத்திலை, வாயை ஆவெண்டு திறந்து வைச்சுக்கொண்டே, அந்த ஊசி எந்த நாட்டிலை செய்தது எண்டு டொக்டரிட்டைக் கேட்ட மனிசன். தண்ணிக் குழாய் திருத்த வந்த போலந்துக்காரனைத் தேத்தண்ணி குடுத்து இருத்தி வைச்சு, அவன்ரை ஊரிலை உருளைக்கிழங்கு எந்த மாசம் நடுறது எண்டு விசாரிச்சவர். மனிசி வசந்தமலர் அக்கா தலையிலை அடிச்சுக்கொள்ளுவா. "உங்களைப் பொலிசிலை சேத்திருக்க வேணும், பஸ் ஓட்ட விட்டிட்டாங்கள்" எண்டுவா.

அப்பிடிப்பட்ட மனிசன் ஒரே ஒரு கேள்வியை மட்டும், கேக்க வேண்டிய ஆளை விட்டிட்டு மற்ற எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரிஞ்சவர். முப்பது வருசமா. கடைசியிலை அதுக்கு மறுமொழி கிடைச்சது ஒரு பிரெஞ்சுப் பிரபுவாலை. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான்.

முதலிலை ஆளைச் சொல்ல வேணும். அண்ணை ஒஸ்லோவிலை, குறோருட் பக்கத்திலை பஸ் ஓட்டுறார். எண்பதுகளிலை நோர்வேக்கு வந்து, மேலை வடக்கிலை ஹம்மர்பெஸ்டிலை மீன் வெட்டுற பைக்டரியிலை வேலை செய்தவர். பின்னாலையே தம்பி குகதாசனும் வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்திலை இவையின்ரை ஊரிலையிருந்தே ஜெயரத்தினமும் வந்தார். மூண்டு பேரும் ஒரே அறை, ஒரே சட்டி, ஒரே சோறு. பிறகு அண்ணை பஸ் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார். மற்ற ரெண்டு பேரும் அங்கையே நிண்டினம்.

ஒரே சட்டி எண்டு லேசாச் சொல்லிப்போட்டன். ஊரிலை அது நடக்கிற காரியமோ? அண்ணையின்ரை தேப்பன் கடைசி விதானையார். விதானை எண்டால் ஊருக்கே தலைமைக்காரன், அந்தக் காலத்திலை அவர் இருமினால் ஒழுங்கையிலை போறவன் நிண்டு பாப்பான். பதவியை அரசாங்கம் எப்பவோ எடுத்துப்போட்டுது, ஆனால் வீட்டுக்குப் பேர் விதானையார் வீடுதான். ஊரிலை மற்றக் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணி ஊறினது விதானையார் வளவிலை மட்டும்தான். ஜெயரத்தினத்தின்ரை சனம் அந்தக் கிணத்தைத் தொடக்கூடாது. குடத்தை வாசல் படலைக்கு வெளியிலை வைச்சிட்டுக் காத்து நிக்கவேணும். உள்ளையிருந்து ஆராவது வந்து, மனம் வந்தால், ஊத்துவினம். ஜெயரத்தினத்தின்ரை தாய் அப்பிடி நிண்டு நிண்டே வயசு போனவ.

ஒஸ்லோவிலை இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. ஆனால் ஒருத்தருக்கும் தெரியாமலும் இல்லை. அண்ணையின்ரை மகள் வினோஜா, ஜெயரத்தினத்தின்ரை மகன் கிருஷிகனைத்தான் கட்டுவன் எண்டு நிண்டபோது, சனம் முழுக்க அண்ணையின்ரை முகத்தைத்தான் பாத்தது. அண்ணை ஒரு கிழமை யோசிச்சார். பிறகு "பொடியன் நல்லவன், எனக்கென்ன?" எண்டு சொல்லிப்போட்டார். நல்ல மனிசன்தான், அதிலை ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் சம்பந்தி வீட்டுக்குப் போனால் மட்டும், "இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்" எண்டு ஒரு வசனம் வாயிலை தயாரா இருக்கும். வேணுமெண்டு சொல்லுறேல்லை. அது தானா வரும், ரத்தத்திலை ஊறினது.

இனித் தம்பி குகன். தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு ஹம்மர்பெஸ்டிலையிருந்து ரெலிபோன் எடுத்தான். "அண்ணை, நான் ஊருக்குப் போறன்" எண்டான். சண்டை உச்சத்திலை நிண்ட நேரம். "விசரோடா உனக்கு? ஏன்ரா?" எண்டு இவர் கத்தினார். "வந்து சொல்லுறன்" எண்டு வைச்சவன்தான். வரேல்லை. யாழ்ப்பாணமே எழும்பி நடந்த இடப்பெயர்வு அண்டைக்கு ஐயாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சனத்தோடை சனமாய்ப் போனவன், சனம் நெரிஞ்சு கடந்த பாலத்துக்கு அங்காலை ஆளைக் காணேல்லை. ஐயா வழியிலையே முடிஞ்சுபோனார். அம்மா எப்பிடியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, குகன் வருவான் வருவான் எண்டே கண்ணை மூடினா.

அண்ணையின்ரை வீட்டுச் சுவரிலை ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மாலை போட்ட படம். பக்கத்திலை குகனின்ரை படம், மாலை இல்லாமல். "ஏன் போனவன் எண்டே எனக்குத் தெரியாது. அது தெரியாமல் அவனை என்னெண்டு செத்த ஆளாக்கிறது?" எண்டு கேப்பார். கேள்வி சரியோ பிழையோ, மனிசன் அதிலை நிண்டிட்டார்.

இந்த நிலைமையிலைதான் ஆன்ட்ரியாஸ் பஸ்ஸிலை ஏறினான். குறோருட்டிலை ஒரு சின்ன நாடகக் குழு வைச்சிருக்கிற நோர்வேப் பொடியன், தாடியும் தோள்பையுமா. அண்டைக்கு ஒருத்தன் சீற்றிலை சப்பாத்துக் காலைத் தூக்கி வைச்சிருந்தான். அண்ணை பஸ்ஸை நிப்பாட்டி, எழும்பிப் போய், சத்தம் போடாமல் ஒரு பார்வை பாத்தார். கால் தானா இறங்கிச்சுது. ஆன்ட்ரியாஸ் இதைப் பாத்திட்டுக் கடைசித் தரிப்பிடம் மட்டும் இறங்காமல் இருந்து, கிட்ட வந்து கேட்டான்: "நீங்கள் என்ரை நாடகத்திலை பிரபுவா நடிப்பியளோ?"

"என்ன பிரபு?"

"பிரெஞ்சுப் பிரபு. மார்க்கி தெ வல்றோஷ். புரட்சிக் காலத்திலை பிரான்சை விட்டு ஓடி, இஞ்சை வந்து அகதியா இருந்தவர். அகதியா வந்த ஒருத்தர்தான் அதை நடிக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. அதோடை அந்தப் பார்வை வேணும். அது பழக்கி வராது."

வேறை ஆளெண்டால் சிரிச்சுப்போட்டுக் கதவைத் திறந்துவிட்டிருப்பான். அண்ணை கேட்ட முதல் கேள்வி: "அந்த மனிசன் உண்மையிலை இருந்தவரோ?"

"இல்லை, இந்த மார்க்கியை நான்தான் உண்டாக்கினனான். ஆனால் அந்தக் காலத்திலை அப்பிடி நாட்டை விட்டு ஓடின பிரபுக்கள் கனபேர்."

அதோடை பத்திக்கொண்டுது. பிரபு காலமை என்ன சாப்பிடுவார், சப்பாத்துக்கு நாடா கட்டுறது ஆர், மாவு போட்ட தலைமயிரைக் கழுவுறது எப்பிடி, எல்லாம் கேட்டார். ஆன்ட்ரியாஸ் பாவம், தெரியாததை எல்லாம் புத்தகத்திலை தேடிக்கொண்டு வந்து சொல்லவேண்டிப் போச்சு.

கதை இதுதான். மார்க்கிக்குப் பெரிய மாளிகை, கண்ணுக்கெட்டின மட்டும் திராட்சைத் தோட்டம். புரட்சி வருது. குடியானவங்கள் தீப்பந்தத்தோடை வாறாங்கள். மார்க்கி பின் கதவாலை தப்பி, கப்பலேறி, கிறிஸ்தியானியா எண்டு அப்ப பேர் இருந்த ஒஸ்லோவுக்கு வாறார். மரம் விக்கிற வியாபாரிமாரின்ரை பெட்டையளுக்கு நடனம் சொல்லிக் குடுத்துச் சீவிக்கிறார். ஒருத்தரும் கரைச்சல் குடுக்கேல்லை, சாப்பாடு இருக்கு, உயிர் தப்பியாச்சு. பிறகு ஒரு நாள் மனிசன் பேசாமல் கப்பலேறித் திரும்பிப் பாரிசுக்கே போறார். பிடிக்கிறாங்கள், விசாரிக்கிறாங்கள், தலையை வெட்டுறாங்கள். முடிஞ்சுது.

ஒத்திகையிலை முதல் பாதி அண்ணைக்கு வெண்ணெய் மாதிரி வந்துது. பிரபு தன்ரை சட்டைக்குத் தானே தெறி பூட்டப் பாத்துத் தடுமாறுற இடம் ஒண்டு. ஆன்ட்ரியாஸ் சொல்லிக் குடுக்கவே இல்லை. ஹம்மர்பெஸ்டிலை முதல் நாள் மீன் வெட்டுற கத்தியைக் கையிலை குடுத்தபோது, அதுவரைக்கும் சாப்பிட்ட சோத்துக் கோப்பையைக்கூடத் தான் கழுவாத விதானையார் மூத்த மகன் எப்பிடி நிண்டாரோ, அப்பிடியே நிண்டு காட்டினார். பக்கத்திலை நிண்ட குகன் அண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சவன். அவன் மளமளவெண்டு பழகிவிட்டான்.

ஆனால் திரும்பிப் போற இடம் வந்தால் அண்ணை மரக்கட்டைதான். நீதிபதி கேப்பார்: "மார்க்கி, தப்பிப் போன நீ ஏன் திரும்பி வந்தாய்?" மார்க்கி சொல்லவேணும்: "என்ரை மானத்துக்காக." அண்ணைக்கு அந்த வசனம் தொண்டையைத் தாண்டி வரேல்லை.

"மானத்துக்கு ஆரப்பா போறது?" எண்டு ஆன்ட்ரியாசோடை சண்டை பிடிச்சார். "மானம் எண்டால் எங்கடை ஐயாவிட்டை இருந்தது. இடப்பெயர்வு வருமட்டும் அவர் இருந்த கதிரையை விட்டு அசையேல்லை. மானக்காரன் வீட்டிலை இருப்பான், போகமாட்டான். நீதானே இந்த மனிசனை உண்டாக்கினனீ, உனக்கே தெரியாதோ அவன் ஏன் போனவன் எண்டு?"

ஆன்ட்ரியாஸ் தாடியைச் சொறிஞ்சான். "நீங்களே கண்டுபிடியுங்கோ. கண்டுபிடிச்சால் வசனத்தை மாத்துவம்" எண்டு சொல்லிவிட்டான். தெரியாமல் சொல்லிவிட்டான் எண்டுதான் சொல்லவேணும்.

பிறகென்ன, கண்ட கண்ட ஆக்களிட்டை எல்லாம் கேள்விதான். மகள் வினோஜாவைக் கேட்டார். "ஷில்ட்ஃபோலல்சே, அப்பா. தப்பின ஆக்களுக்கு வாற குற்ற உணர்ச்சி" எண்டு படிச்ச பிள்ளை மாதிரிச் சொன்னாள். அண்ணை தலையாட்டினார், ஆனால் முகம் தெளியேல்லை. குற்ற உணர்ச்சி தனக்கும்தான் இருந்தது, தான் போகேல்லையே. பஸ்ஸிலை நெடுகலும் வாற ராகவனைக் கேட்டார். தமிழ்நாட்டுப் பொடியன், கம்ப்யூட்டர் வேலை. "சொத்துக்காகத்தான் சார் போயிருப்பாரு, வேற என்ன? லேண்ட் மேட்டர்னா எங்க ஊர்லயும் இப்படித்தான்" எண்டு சிரிச்சான். "திராட்சைத் தோட்டத்துக்குத் தலையைக் குடுக்கிறதோ தம்பி?" எண்டு அண்ணை கேக்க, அவன் இறங்கவேண்டிய இடம் வந்திட்டுது.

வசந்தமலர் அக்காவையும் கேட்டார். அக்கா மா குழைச்சுக்கொண்டு நிண்டவ, திரும்பியும் பாக்கேல்லை. "மார்க்கியைப் பற்றிக் கேக்கிற மாதிரிக் கேக்காதேங்கோ. நீங்கள் ஆரைப் பற்றிக் கேக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்" எண்டா. அண்ணை எழும்பிப் பல்கனிக்குப் போனார்.

சண்டை வந்தது பிறகுதான். வினோஜாவின்ரை கலியாணம் ஆனி மாசம் ஒரு ஞாயிறு. தாலி செய்யப் பொன்னை உருக்கிற சடங்கு, பொன்னுருக்கு, அதுக்கு முந்தின செவ்வாய் எண்டு யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் நாள் வைச்சுக் குடுத்திட்டார். நாடகம் ஒரே ஒரு நாள்தான், அதே கிழமை வியாழன் பின்னேரம். அண்ணை ரெண்டையும் சேத்துப் பாக்கவே இல்லை. அக்கா பாத்தா.

"பொன்னுருக்கினால் கலியாணம் முடியுமட்டும் ரெண்டு வீட்டாரும் செத்த வீட்டு வாசலுக்கே போறேல்லை. நீங்கள் என்னெண்டால் சனத்துக்கு முன்னாலை தலையை வெட்டுப்பட்டுச் சாகப்போறியளோ? பொம்பிளையின்ரை தேப்பன்! என்ரை கழுத்திலை தாலி கிடக்கிறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"அது நாடகமப்பா."

"நாடகமெண்டாலும் சாவு சாவுதான். நானும் ஒண்டு கேக்கிறன். கலியாணத்துக்கு முதல் செத்த ஆக்களுக்குப் படைக்கவேணும். ஐயாவுக்கு ஒரு இலை, மாமிக்கு ஒரு இலை, என்ரை அப்பா அம்மாவுக்கு இலை. குகனுக்கும் ஒண்டு போடுவம் எண்டு நான் எத்தினை தரம் கேட்டுப்போட்டன்? அதுக்குச் சம்மதிக்கமாட்டியள். சொந்தத் தம்பிக்கு ஒரு இலை போட மனமில்லை, ஆரோ வெள்ளைக்காரனுக்காகச் சாக மட்டும் மனமிருக்கு!"

அண்ணைக்குச் சுருக்கெண்டு பட்டுது. "ஏன் போனவன் எண்டு தெரியட்டும், போடுறன்" எண்டு முணுமுணுத்தார்.

"சரி, நாடகத்துக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. பொன்னுருக்கிறது சம்பந்தி வீட்டிலை. அவரிட்டைப் போய்க் கேளுங்கோ. அவர் ஓம் எண்டால் தாராளமாச் சாகுங்கோ."

அக்கா கெட்டிக்காரி. இந்த மனிசன் ஜெயரத்தினத்திட்டை ஒண்டு கேட்டுப் போய் நிக்கமாட்டார் எண்டு அவவுக்கு நல்லாத் தெரியும். ஆனால் மார்க்கி அண்ணையை எவ்வளவு பிடிச்சு ஆட்டுறான் எண்டு அவவுக்குத் தெரியேல்லை.

ஸ்ட்ரோம்மனிலை, பெரிய கடைத்தொகுதிக்குப் பின்னாலை, ஜெயரத்தினத்தின்ரை வீடு. சனிக்கிழமை மத்தியானம் அண்ணை போனபோது மனிசன் தனியத்தான் இருந்தார். மனிசியும் மகனும் கலியாணச் சாமான் வாங்கப் போயிருந்தினம். ஜெயரத்தினம் கதை குறைஞ்ச ஆள், சிரிச்ச முகம், ஹம்மர்பெஸ்ட் குளிரிலை வளைஞ்ச விரல். தேத்தண்ணி போடக் கேத்திலை வைச்சார்.

"வேண்டாம் சம்பந்தி, இப்பதான் குடிச்சிட்டு..."

"தெரியும், குடிச்சிட்டுத்தான் வந்திருப்பியள். இருந்தாலும் வைக்கிறன்" எண்டு கோப்பையை முன்னாலை வைச்சார். அண்ணை அதைத் தொடேல்லை.

நாடகக் கதையைத் தொடக்கத்திலையிருந்து சொன்னார். கதை சொல்ல வந்தால் அண்ணை சும்மாவோ? எழும்பி நிண்டு மார்க்கி மாதிரி நடந்தும் காட்டினார். ஜெயரத்தினம் ரசிச்சுக் கேட்டார். அகதியா வந்து நடனம் சொல்லிக் குடுக்கிற இடத்திலை வாய்விட்டுச் சிரிச்சார். பிறகு கப்பலேறிற இடம் வந்துது. சிரிப்பு நிண்டுது.

"ஏன் திரும்பிப் போறார்?"

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை. கேக்காத ஆளில்லை, சம்பந்தி."

"என்னைக் கேக்கேல்லையே."

அண்ணை கதிரையிலை இருந்தார். ஜெயரத்தினம் யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு இருந்தார்.

"சோதி அண்ணை," எண்டார். சம்பந்தி எண்டு சொல்லேல்லை, பழைய பேர். "நீங்கள் மார்க்கியைப் பற்றியோ கேக்கிறியள், குகனைப் பற்றியோ?"

அண்ணை கோப்பையைப் பாத்தபடி, "குகனைப் பற்றித்தான். நீங்கள்தானே அவனோடை கடைசியா இருந்தனீங்கள்" எண்டார்.

ஜெயரத்தினம் மெல்லச் சொன்னார். அந்த வருசம் ஊரிலையிருந்து ஒருத்தன் ஹம்மர்பெஸ்டுக்கு வந்து சேர்ந்தவன். ஊர்ப் பள்ளிக்கூடம் முழுக்க வேறை ஊராலை ஓடி வந்த சனம் எண்டும், குடிக்கத் தண்ணி இல்லை எண்டும், விதானையார் படலைக்குப் பூட்டுப் போட்டிட்டார் எண்டும் அவன் சொன்னான். ஊத்திக் குடுக்கவும் ஆள் இல்லை, அள்ளவும் விடமாட்டார். ஜெயரத்தினத்தின்ரை தாய் குடத்தோடை வெயிலிலை நிண்டு மயங்கி விழுந்தவ எண்டும் சொன்னான்.

"குகனும் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தவன். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே சோத்துக் கோப்பையிலை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். சோத்திலை கை வைச்சபடியே இருந்தான். பிறகு எழும்பிக் கையைக் கழுவினான். அந்தக் கிழமையே ரிக்கற் எடுத்திட்டான். போகாதை எண்டு நான் காலிலை விழாத குறை. 'நான் உன்ரை முகத்தைப் பாத்து இனி எப்பிடிச் சாப்பிடுறது?' எண்டு கேட்டான்."

அண்ணை கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார்.

"மிச்சம் அம்மா சொல்லித்தான் தெரியும். அவ பிறகு என்னட்டை வந்து, இஞ்சை, இந்த வீட்டிலைதானே செத்தவ. குகன் போன அண்டைக்கே கோடாலியாலை பூட்டை உடைச்சவனாம். உங்கடை ஐயா விறாந்தையிலை இருந்து பாத்துக்கொண்டு இருந்தாராம், ஒரு வார்த்தை கதைக்கேல்லையாம். அம்மா பழக்கத்திலை குடத்தை வெளியிலை வைச்சிட்டு நிண்டிருக்கிறா. குகன் வந்து கையைப் பிடிச்சு உள்ளை கூட்டிக்கொண்டு போய்க் கயித்தைக் கையிலை குடுத்தவனாம். 'நீங்களே அள்ளுங்கோ அம்மா' எண்டு. அம்மாவுக்குக் கயிறு நழுவி வாளி கிணத்துக்கை விழுந்திட்டுதாம். அவன் சிரிச்சுப்போட்டு, இறங்கி எடுத்துக் குடுத்தவனாம். சாகுமட்டும் அதைச் சொல்லுவா. சனம் ஊரை விட்டு எழும்புமட்டும் அந்தப் படலை திறந்துதான் கிடந்ததாம்."

அண்ணைக்குக் கண்ணாலை ஓடிச்சுது. துடைக்கவும் தோன்றேல்லை. வெக்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது. ரெண்டும் ஒண்டாய் வந்தால் மனிசன் என்ன செய்யிறது?

"ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. நானா வந்து என்னெண்டு சொல்லுறது? உங்கடை ஐயா என்ரை அம்மாவுக்குத் தண்ணி மறுத்தவர் எண்டோ? பழி தீர்க்கிறான் எண்டுதான் சனம் சொல்லும். பிறகு பிள்ளையள் விரும்பிச்சினம். அதுக்குப் பிறகு சொன்னால் குத்திக் காட்டுற மாதிரி. நீங்கள் கேப்பியள், கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்."

ஊரெல்லாம் கேட்டவர் இந்த மனிசனை மட்டும் ஏன் கேக்கேல்லை எண்டு அண்ணைக்கு இப்ப விளங்கிச்சுது. கேட்டால் படலையும் குடமும் கதையிலை வரும். அது வரக்கூடாது எண்டு, தனக்கே தெரியாமல், அந்த ஒரு வாசலை மட்டும் விலத்திக்கொண்டு போயிருக்கிறார். ஐயா போட்ட பூட்டிலை ஒண்டு தன்னட்டையும் இருந்திருக்கு.

முன்னாலை கிடந்த கோப்பையை எடுத்தார். தேத்தண்ணி ஆறி, மேலை ஆடை படிஞ்சிருந்தது.

"பொறுங்கோ, சூடாக்கித் தாறன்" எண்டு ஜெயரத்தினம் எழும்பினார்.

"வேண்டாம்" எண்டு சொல்லிவிட்டு ஒரே மூச்சிலை குடிச்சார். பிறகு கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் தாங்கோ. சீனி காணாது."

ஜெயரத்தினம் அந்தப் பக்கம் திரும்பி நிண்டு கனநேரம் சீனி தேடினார். சீனிப் போத்தல் முன்னாலைதான் இருந்தது.

போகேக்கைதான் வந்த அலுவல் ஞாபகம் வந்துது. சாவுக் காட்சிக்கு உத்தரவு கேட்டார். ஜெயரத்தினம் யோசிச்சார். "பொன்னுருக்கின பிறகு சாகேலாது, வசந்தமலர் சொல்லுறது சரி. ஆனால் பொன் என்ரை வீட்டிலைதானே உருக்கிறது? வெள்ளிக்கிழமை காலமைக்கு மாத்துவம். சாத்திரியாரோடை நான் கதைக்கிறன். நீங்கள் வியாழக்கிழமை ஆறுதலாச் சாகுங்கோ." பிறகு கதவைப் பிடிச்சுக்கொண்டு, "அதுக்கு முதல் குகனுக்கு ஒரு இலை போடுங்கோ, அண்ணை" எண்டார்.

செவ்வாய்க்கிழமை வீட்டிலை படையல். குகனின்ரை படத்துக்கு அண்ணை மாலை போடேக்கை மற்றப் பக்கத்தை வினோஜா பிடிச்சாள். அக்கா எல்லா இலையிலையும் சோறு, கறி, வடை, பாயாசம் எண்டு வைச்சுக்கொண்டு வந்து, குகனின்ரை இலையிலை நிண்டா. "அவருக்கு என்ன விருப்பம்? நான் ஆளைக் கண்டதே இல்லையே" எண்டா. அண்ணைக்குச் சின்ன வயசிலை அவன் மாங்காய் திண்டதுதான் ஞாபகம் வந்தது.

அப்பதான் ஜெயரத்தினம் ஒரு மூடின சட்டியோடை வந்தார். உள்ளை மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிச்ச தொர்ஸ்க் மீன் நாக்கு.

"மீன் நாக்கோ?" எண்டு அக்கா வாயிலை கை வைச்சா.

"ஹம்மர்பெஸ்டிலை எங்களுக்கு இதுதான் விருந்து, தங்கச்சி. பைக்டரியிலை சும்மா தருவாங்கள். அவன் ஒரு சட்டி தனியத் தின்பான்."

அக்கா இலைக்கு முன்னாலையிருந்து விலத்தி நிண்டா. ஜெயரத்தினம் தன்ரை கையாலை நாக்குகளை இலையிலை அடுக்கினார். பிறகு செம்பை எடுத்து, தண்ணி நிரப்பி, இலைக்குப் பக்கத்திலை வைச்சார். விதானையார் படம் மேலையிருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தது. படைச்சு முடிய எல்லாரும் இருந்து சாப்பிட்டினம். மீன் நாக்கு அருமையா இருந்தது, அக்கா ரெண்டாம் தரம் கேட்டா.

வியாழக்கிழமை பின்னேரம் நல்ல வெயில். குறோருட்டிலை ஒரு பழைய பண்ணை வீட்டு முற்றத்திலை நாடகம். முன் வரிசையிலை வசந்தமலர் அக்கா, தாலிக் கொடியை ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சபடி. பக்கத்திலை ஜெயரத்தினம் குடும்பம். அண்ணை நீல வெல்வெற்றும் வெள்ளை டோப்பாவுமா வந்தார். தமிழ்ச் சனம் கைதட்டிச்சுது, ஆரோ விசிலும் அடிச்சாங்கள்.

கடைசிக் காட்சி. நீதிபதியா நடிச்ச பென்சன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "மார்க்கி தெ வல்றோஷ்! நீ தப்பிப் போனவன். ஏன் திரும்பி வந்தாய்?"

அண்ணை அவரைப் பாக்கேல்லை. முன் வரிசையைப் பாத்தார். நோர்வேஜியனிலைதான் சொன்னார், நிறுத்தி நிறுத்தி:

"என்ரை வளவிலை நல்ல தண்ணிக் கிணறு இருந்தது. என்ரை தேப்பன் அதுக்குப் பூட்டுப் போட்டிருந்தார். வெளியிலை ஒரு அம்மா குடத்தோடை நிண்டா. அந்தப் பூட்டை உடைக்க வந்தனான்."

நீதிபதிக்கு அடுத்த வசனம் மறந்து போச்சு. ஜெயரத்தினம் குனிஞ்சு முகத்தைக் கையாலை மூடினார், கிருஷிகன் தேப்பனின்ரை முதுகிலை கையை வைச்சான். அண்ணை தானே திரும்பி, நிமிர்ந்து நடந்து, வெள்ளைத் துணிக்குப் பின்னாலை போனார். மேளம் அடிச்சுது. டோப்பா உருண்டு வெளியிலை வந்து விழுந்துது.

"ஐயோ!" எண்டு அக்கா போட்ட சத்தத்திலை பக்கத்து வீட்டு நாயும் குரைச்சுது. உடனை துணியை விலத்திக்கொண்டு அண்ணையின்ரை மொட்டைத் தலை எட்டிப் பாத்துது, மனிசிக்கு ஒண்டுமில்லையே எண்டு. சனம் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுது.

முடிய ஆன்ட்ரியாஸ் ஓடி வந்தான். "அந்த வசனம் எங்கையிருந்து வந்தது? நான் அப்பிடி எழுதேல்லையே!"

"கண்டுபிடிச்சால் மாத்துவம் எண்டு சொன்னனீ. இது என்ரை தம்பியின்ரை வசனம்."

"தம்பி இருக்கிறாரோ? நீங்கள் சொல்லவே இல்லையே. எங்கை இருக்கிறார், நான் பாக்கவேணும்."

அண்ணை குனிஞ்சு, நிலத்திலை கிடந்த டோப்பாவை எடுத்துப் புல்லைத் தட்டினார். "செத்துப்போனான்" எண்டார். "தொண்ணூற்றைஞ்சிலை."

பக்கத்திலை வந்து நிண்ட அக்காவுக்கு அது கேட்டுது. கலியாணம் கட்டின நாள் தொட்டு குகனைப் பற்றி அந்தச் சொல்லு அவரின்ரை வாயிலையிருந்து வந்து அவ கேட்டதில்லை. அவரின்ரை கையிலை இருந்த டோப்பாவை வாங்கி ஆன்ட்ரியாசிட்டைக் குடுத்தா.

"வாங்கோ அப்பா," எண்டா. "நாளைக்கு வெள்ளனப் பொன்னுருக்கு. சம்பந்தி வீட்டிலை தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."